ஓடெத் அக்காவின் மஞ்சள் பாத்திரம்

பிள்ளை மடுவம்,
மேல் டிவிசன்,
நமுனுகுல.
மாசி மாதக் கடைசி வெள்ளி

பிரான்ஸ் தேசத்து மலை ஊரில், என் தங்கை வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் மதிப்புக்குரிய மதாம் ஓடெத் அவர்களுக்கு, நிரஞ்சலாவின் மூத்த அக்கா பெரியாயி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான், என் வீட்டுக்காரர் சின்னராசா, இரண்டு ஆடுகள், ஒருவழியாக மழை விட்டு முகம் காட்டியிருக்கும் வெயில், எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் மாடுகளும் கோழிகளும் அந்தக் கறுப்பு நாயும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு உங்கள் பாஷை தெரியாது. ஆகவே இந்தக் கடிதத்தை நிரஞ்சலா உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முன்னால் உட்கார்ந்து, வரிக்கு வரி சொல்வாள். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினோமே! போன ஆடியில் நான் தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்று பேசினேன், எங்கள் தோட்டத்தில் அங்கேதான் சிக்னல். உங்கள் உடம்பு, கால்வலி, கன்று ஈன்ற மாடு எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்க விசாரித்தேன். இவள் உங்களிடம் மூன்று சொல் சொன்னாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கால்வலியைக் கேட்டதற்கு யாராவது சிரிப்பார்களா? அன்றைக்கே இவளுடைய மொழிபெயர்ப்பில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

(நிரஞ்சலா, அடைப்புக்குறிக்குள் இருப்பது உனக்கு மட்டும். அதைச் சத்தமாக வாசித்துவிடாதே. வெளியே இருப்பது முழுக்க அவருக்கு. அதில் ஒரு சொல்லையும் முழுங்காதே. அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று தெரியும். கவரின் மேல் அவர் பெயர்தான் இருக்கிறது. அடுத்தவர் கடிதத்தை நம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. எழுந்து போ.)

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். மதாம் என்று சொன்னால் எனக்கு எங்கள் பங்களாத் துரைசாணி ஞாபகம் வந்து, கை தானாகக் கட்டிக்கொள்கிறது. அம்மா என்றால் வயதைக் கூட்டிவிட்டேன் என்று கோபிப்பீர்களோ என்னவோ. அக்கா என்று வைத்துக்கொள்கிறேன். என் தங்கைக்கு இரண்டு அக்கா இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து விடும் இடம்தான் பிள்ளை மடுவம். அதைப் பார்த்துக்கொள்வது நான். ஒன்று அழுதால் எல்லாம் அழும், ஒன்று தூங்கினால் மற்றது எதுவும் தூங்காது. எங்கள் அம்மா போனபோது நிரஞ்சலா பால் குடிக்கிற பிள்ளை. அவளையும் இந்த மடுவத்துத் தொட்டிலில் போட்டுத்தான் ஆளாக்கினேன். ஆகையால் அதிகாரமாகப் பேசுவது எனக்கு வியாதி மாதிரி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மஞ்சள் பாத்திரத்தைப் பற்றித்தான்.

நாங்கள் குடியிருப்பது லயத்தில். ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் மல்லித்தண்ணி கொதிக்க வைப்போம். ஒரு வீட்டில் நல்ல கறி ஆக்கினால் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்தக் கிண்ணம் திரும்பி வரும்போது வெறுமையாக வரக் கூடாது. அது பெரிய மரியாதைக் குறைவு. இரண்டு பணியாரம், ஒரு துண்டு தேங்காய், ஏதோ ஒன்று உள்ளே இருக்க வேண்டும். யார் வீட்டில் யார் கிண்ணம் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்க்கும்போதுதான் கண்டுபிடித்துச் சண்டை போட்டுக்கொள்வோம்.

இந்தப் பழக்கத்தோடுதான் இவள் உங்கள் ஊருக்கு வந்தாள். ஆட்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஊர் என்றாள். மத்தியானமானால் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்களாம். பாண்கார வேன் மட்டும் ரொட்டியோடு ஹோர்ன் அடித்துக்கொண்டு வருமாம். இங்கேயும் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், அதைக் கேட்டு எனக்கு மனசு கொஞ்சம் சமாதானமானது. வெளிநாட்டு ஆட்கள் என்று இவளும் இவள் புருஷனும், பழைய வீடு ஒன்றை வாங்கித் திருத்திக்கொண்டிருக்கும் ஓர் இங்கிலீஷ்காரத் தம்பதியும்தான். அந்த மனிதர் நம் நாட்டுக்குச் சுற்றுலா வந்தவராம். தேயிலை எப்படி வளர்கிறது என்று என் தங்கைக்கு ஒரு மணி நேரம் விளக்கினாராம். இவளும் தலையாட்டிக்கொண்டு கேட்டாளாம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் நீங்கள் அந்தக் கனமான மஞ்சள் பாத்திரத்தில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டத்தோடு வந்து கதவைத் தட்டினீர்கள். இவள் பாத்திரத்தைக் கழுவி, உளுந்து வடை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். உங்கள் வீட்டிலும் அதே பழக்கமோ, இல்லை உங்களுக்கும் ரோஷம் வந்துவிட்டதோ, மறுநாளே முட்டை வைத்து அனுப்பினீர்கள். முட்டைக்கு இவள் லட்டு, லட்டுக்கு நீங்கள் உருளைக்கிழங்கும் சீஸும், அதற்கு இவள் கத்தரிக்காய்ப் பிரட்டல். இரண்டு பேரில் யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பாத்திரம் ரோட்டைக் கடந்து கடந்து தேய்ந்ததே தவிர, ஓய்ந்து உட்காரவில்லை. இங்கே லயத்தில் எல்லோருக்கும் உங்கள் பாத்திரத்தைத் தெரியும். இன்றைக்கு யார் முறை என்று, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில்கூட என்னைக் கேட்பார்கள்.

(நீலப் பூஞ்சணம் பூத்த சீஸ் கதையை நான் எழுதவில்லை. பாவம் மனுசிக்குக் கண் தெரியவில்லை, கெட்டுப்போனதைத் தந்துவிட்டார் என்று நீ அதை மூன்று தண்ணீரில் கழுவினதும், கடைசியில் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்ததும் நமக்குள் இருக்கட்டும். அந்தக் கறுப்பு நாய் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கே போனதை அவர் பார்த்திருப்பார். கேட்டால் மட்டும் சொல்.)

வம்பு வந்தது தை மாதத்தில். முழங்கால் அளவு பனி. இவளுக்குப் பிள்ளை சுமக்கிற வயிறும் கனம், காலும் வீக்கம், அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் தம்பி குடும்பம் விருந்துக்கு வந்திருக்கிறது. நீங்கள் அவசரமாக ஓடிவந்து உங்கள் பாத்திரத்தைக் கேட்டீர்கள். கையில் எதுவும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி அரிசியாவது போட்டுக் கொடு என்று சின்ன வயதில் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இவள் அதே மாதிரி ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேலே ஒரு பச்சை மிளகாயையும் வைத்துக் கொடுத்தாள்.

எங்கள் லயத்தில் அதைப் பார்த்தால், இன்றைக்கு நேரமில்லை, ஆனால் மரியாதை இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் பார்த்தது வேறு. இந்த வீட்டில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான், அதையும் எனக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துவிட்டீர்கள். நீங்கள் பாண்காரரிடம் சொன்னீர்களாம். பாண்காரர் மற்ற எல்லோரிடமும் சொன்னாராம். அவரிடம் வேன் வேறு இருக்கிறது.

சாயந்தரம் ஊரே இவள் வாசலில். உருளைக்கிழங்கு மூட்டை, காய்ந்த இறைச்சி, கம்பளி, ஊர்த்தலைவர் கையில் ஒரு சூப் சட்டி. அந்த இங்கிலீஷ்காரர் ஒரு பக்கற் தேயிலை கொண்டுவந்தாராம். நமுனுகுலைப் பிள்ளைக்குத் தேயிலை! நீங்களும் விருந்தாளிகளை மேசையில் விட்டுவிட்டு, அதே மஞ்சள் பாத்திரம் நிறைய மரக்கறி போட்டுக் கொதிக்க வைத்த ஆணத்தோடு வந்தீர்கள். நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம் என்பதை அந்த அவசரத்திலும் மறக்கவில்லை.

இவளுக்குப் பாஷை தடுமாறி எதையும் விளக்க முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி நன்றி என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அது பசித்த ஆள் சொல்கிற மாதிரியே இருந்திருக்கிறது.

கதை மாப்பிள்ளை நிஷாந்த் வேலை செய்கிற விடுதிக்குப் போனது. அவர் அங்கே சமையல்காரர். சமையல்காரன் வீட்டில் சாப்பாடு இல்லையாமே, சம்பளம் கொடுப்பதில்லையா என்று யாரோ விடுதிக்காரரைக் கேட்க, அவர் வந்த கோபத்தில் எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளையைத் திட்டியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, ‘ஊருக்கே ஆக்கிப் போடுறவன் வீட்டுல அடுப்பு எரியலன்னு பேர் வாங்கிக் குடுத்திட்டியே’ என்று குதித்தாராம். மறுநாள் மூட்டையையும் கம்பளியையும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். சிரித்த முகத்தோடு கொடுத்தேன் என்றுதான் சொல்கிறார். அவர் சிரிப்பை நான் கல்யாண வீடியோவில் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்து உங்கள் ஊர் கோபித்துக்கொண்டதில் தப்பே இல்லை. இனிமேல் இந்த வீட்டிலிருந்து ஒரு வீட்டுக்கும் தின்கிற பண்டம் போகக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

ஆணத்தைச் சாப்பிட்டார்கள், பாத்திரம் இவள் அடுப்படியில் தங்கிவிட்டது. பண்டம் வைத்துக் கொடுக்கப் புருஷன் விடவில்லை. வெறுமையாகக் கொடுக்க வளர்ப்பு விடவில்லை. ஒவ்வொரு நாளும் கழுவித் துடைத்து வைக்கிறாளாம். நீங்களோ, பாத்திரத்தையே அமுக்கிவிட்டாள் என்று நினைத்தீர்களோ, உதவி செய்யப் போய் முகத்தில் அடித்த மாதிரி ஆயிற்றே என்று நினைத்தீர்களோ, இவள் ரோட்டில் போனால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறீர்களாம்.

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ‘ஒரு கைப்பிடி அரிசிக்கே இம்புட்டு வந்துச்சுன்னா, ரெண்டு கைப்பிடி போட்டிருந்தா வீடே கட்டிக் குடுத்திருப்பாங்க’ என்றார். லுணுகலையில் எங்களுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர் ஜௌபர் நானா அப்படிச் சிரிக்கவில்லை. ‘பசின்னு நெனச்சதும் ஓடி வந்த சனம் தங்கச்சி, அந்த மாதிரி ஊருல பிள்ளைய வச்சிருக்கிறதுக்கு நீங்க சந்தோசப்படணும்’ என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஆகவே ஓடெத் அக்கா, அந்தக் கைப்பிடி அரிசி பசியால் வந்ததில்லை. பதிலுக்கு ஏதாவது வைக்காமல் விடக் கூடாது என்ற மரியாதையால் வந்தது. உங்களை அவமானப்படுத்த இவர்கள் நினைக்கவே இல்லை. என் தங்கை சார்பிலும், அந்தச் சிரிக்கத் தெரியாத மாப்பிள்ளை சார்பிலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வைத்திருக்கிறேன். அதில் எங்கள் தோட்டத்துத் தேயிலை, மிளகும் மஞ்சளுமாக ஜௌபர் நானா பார்த்துப் பார்த்துக் கட்டித் தந்த சரக்கு, ஒரு பழைய பருத்திச் சேலை எல்லாம் இருக்கிறது. நிரஞ்சலா இதை உங்கள் மஞ்சள் பாத்திரத்தில் வைத்துத்தான் கொண்டுவந்திருப்பாள்.

(கொண்டுபோகாவிட்டால் இப்போதே திரும்பிப் போய் எடுத்து வா. உன் புருஷன் போட்ட உத்தரவு உங்கள் வீட்டுப் பண்டத்துக்குத்தான். இது என் வீட்டுப் பண்டம். இதில் அவருக்குப் பேச்சில்லை. வேண்டுமானால் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு நான் ஏறி நிற்கிறேன், என்னோடு பேசச் சொல்.)

தேயிலை உங்களுக்கு. மற்றது ஏன் என்று கேட்பீர்கள். பிரசவத்துக்கு நான் அங்கே வருவதாக இருந்தேன். கொழும்புக்கு இரண்டு தடவை பஸ் ஏறினேன். நான் உங்கள் நாட்டுக்கு வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்று சந்தேகப்பட்டு வீசா இல்லை என்றுவிட்டார்கள். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு புருஷனையும், ஒரு மடுவம் நிறைந்த பிள்ளைகளையும் விட்டுவிட்டு நான் உங்கள் பனியில் என்ன செய்யப் போகிறேன்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளையிடம் இதைத்தான் கேட்டேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பதுளை வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீற்றில் இருந்த ஆச்சி யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து எனக்கு ஒரு தோடம்பழம் தந்தார்.

நிரஞ்சலாவுக்கு நாள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது. மாப்பிள்ளைக்கு விடுதியில் காலையும் மாலையும் வேலை. ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, ஒரு மணி நேரப் பாதை. இவளுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. உங்களிடம் ஒரு பழைய வெள்ளை வேன் இருக்கிறது. கன்று குறுக்கே நின்றுவிட்ட பசுவுக்கு நீங்களே கயிறு கட்டிக் கன்றை இழுத்து எடுத்ததாக நிரஞ்சலா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உங்கள்மேல் பெரிய நம்பிக்கை. ஆனால் இவளுக்குக் கயிறு வேண்டாம், வேன் போதும்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும் அந்தச் சரக்கை அரைத்து உங்கள் கோழி ஒன்றோடு சேர்த்துக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். உறைப்பாக இருக்கும், இருக்கட்டும். தயவுசெய்து அதில் கிரீம் ஊற்றாதீர்கள். உங்கள் ஊரில் எல்லாவற்றிலும் ஊற்றுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். குளிர் தண்ணீரில் தலை முழுக விடாதீர்கள், நல்ல காற்று என்று சொல்லிப் பனிக்காலத்து ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். பழைய சேலை பிள்ளையைச் சுற்றுவதற்கு. அது நான் கட்டிக் கட்டி மெத்தென்று ஆகிப்போன சேலை. புதுத் துணி பிள்ளைக்கு உறுத்தும்.

இனி எழுதப்போவது அடைப்புக்குறிக்குள் இல்லை. நிரஞ்சலா, இதை விட்டுவிட்டுத் தாண்டிப் போகாதே. வேண்டுமானால் நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு வாசி.

ஓடெத் அக்கா, இது இவளுக்கு முதல் பிள்ளை இல்லை. உங்கள் ஊருக்கு வந்த புதிதில், ஐந்தாம் மாதத்தில், ஒன்று தங்காமல் போய்விட்டது. அன்றைக்கும் பனி. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். வலி என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன சொல் என்றுகூட அப்போது இவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றாளாம். உங்கள் வீட்டுப் புகைக்கூண்டில் புகை வந்ததாம், ஆள் இருக்கிறது என்று தெரிந்ததாம். முகம் தெரியாதவர் வீட்டை எப்படித் தட்டுவது என்று கூச்சப்பட்டு மறுபடி உள்ளே போய்விட்டாளாம். லயத்தில் என்றால் இவள் ஒரு முனகல் முனகியிருந்தால் போதும், வரிசையே எழும்பி வந்திருக்கும்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் நீங்கள் அந்த மஞ்சள் பாத்திரத்தோடு வந்தீர்கள். ஏதாவது தெரிந்து வந்தீர்களா, புதிதாக வந்தவர்கள் என்று வந்தீர்களா, எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன் அக்கா என்று இவள் போனில் சொன்னாள். அதனால்தான் இவளால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் தர முடியவில்லை. இப்போது கோபத்தில் நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டால், வலி வரும் நாளில் இவள் மறுபடியும் வாசலில் நின்று உங்கள் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தப் பயத்தில் தூக்கம் வருவதில்லை. இவள் கூச்சப்பட்டு வராவிட்டால் நீங்களே ரோட்டைக் கடந்து வாருங்கள். பாஷை வேண்டியதில்லை, கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் நீங்கள் இல்லை என்று இந்த ஒரு வருடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளையை உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன், ஓடெத் அக்கா. அடுத்த தைப்பொங்கலுக்கு அவளை எங்களிடம் அனுப்பிவைக்கும்போது வெறுங்கையாக அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் பாலும் உடம்பில் பலமும் ஒருநாளும் குறையாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் தங்கை,
பெரியாயி

(நிரஞ்சலா, வாசித்து முடித்த கையோடு வீட்டுக்கு ஓடிவந்துவிடாதே. ஏதாவது சாப்பிடத் தருவார், உட்கார்ந்து சாப்பிடு. நீலமாக இருந்தால் மட்டும், பிள்ளை பிறந்த பிறகு வந்து சாப்பிடுகிறேன் என்று சொல். சொன்ன மாதிரியே அவனையோ அவளையோ இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சாப்பிடு.)